மிச்சம் இருபத்து நான்கு எம்.பி.

பள்ளிக் கணினி அறையில் விளையாட்டுப் போட்டி. திரையில் தெரியும் ஒரு ஜி.பி. பென்டிரைவில் போட்டோ, பாட்டு, வீடியோ என்று அளவு பார்த்து அடுக்க வேண்டும். அதிகம் நிரப்பி ஜெயிப்பவருக்குப் புதுச்சேரிப் பயணம்.

எல்லாரும் இண்டு இடுக்கில்லாமல் நிரப்பிவிட்டார்கள். குரும்பகரத்திலிருந்து வரும் சுகிர்தா மட்டும் ஆயிரம் எம்.பி.யோடு கையை எடுத்துவிட்டாள்.

“ஒரு ஜி.பி.க்கு எத்தனை எம்.பி.?” என்றார் சிவப்ரியா டீச்சர்.

“ஆயிரத்து இருபத்து நாலு டீச்சர்.”

“தெரியுதுல்ல? மிச்சத்துல நாலு பாட்டு அடங்குமே!”

“அது இருக்கட்டும் டீச்சர்.”

“புதுச்சேரி போக ஆசையில்லையா?”

“இருக்கு டீச்சர்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நேரம் முடிந்தது. எல்லாத் திரைகளிலும் ஒரே வரி வந்தது: ‘உங்கள் மதிப்பெண்ணைச் சேமிக்க, இதே பென்டிரைவில் இருபது எம்.பி. இடம் வேண்டும்.’

சுகிர்தாவின் மதிப்பெண் மட்டும் பதிவானது.

“கடைசியில இப்படிக் கேக்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கெங்க டீச்சர் தெரியும்? நெல்லு மூட்டை பிடிக்கிறப்ப, வாய் தைக்க நாலு விரல் இடம் விடலேன்னா எங்கம்மா திட்டும். அதான், கை தானா நின்னுடுச்சு.”