செல் கேட்டு வந்த அம்மா

"மேடம், ஒரு அம்மா வந்து உசுரை வாங்குறாங்க. மகனோட செல்லு இங்கதான் இருக்காம். பார்க்காம போகமாட்டாங்களாம்" என்றார் வாசல் காவலாளி.

யாரோ போனை விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு டிராயரையெல்லாம் குடைஞ்சேன்.

"என்ன கலரும்மா?"

"போன் இல்ல கண்ணு. உடம்புல இருக்குமே, அந்தச் செல்லு. என் பையனோட தோல்ல துளி ஆராய்ச்சிக்கு எடுத்தாங்க. அவன் போயிட்டான். ஆனா அது இங்க உசுரோட வளருதுன்னு சொன்னாங்க. ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன்."

அந்தச் செல்லெல்லாம் போன மாசமே கிருமி பட்டு அழிஞ்சுபோச்சு. எந்த வாயால சொல்றது? யாரோடதையாவது காட்டிடலாம்னு, வேற ஒருத்தரோட செல் வளர்ற தட்டை எடுத்தேன்.

"அது செத்துப்போச்சும்மா."

பின்னாடி நின்னு சொன்னது ஐஸ்பெட்டி! எங்க ஆய்வுக்கூடத்துப் பெரிய மேடத்துக்கு நாங்க வெச்ச பேரு.

"அதுவுமா?" அந்தம்மா நாற்காலியில சரிஞ்சாங்க.

அடிப்பாவி, ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்? மனசுக்குள்ள திட்டித் தீர்த்தேன்.

அதோட விட்டாளா? அந்தம்மா விரலைப் பிடிச்சு, ஊசியால சுருக்குன்னு ஒரு குத்து! சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில வெச்சு, மைக்ராஸ்கோப்பைத் திருகி, "பாருங்க" என்றாள்.

அந்தம்மா குனிஞ்சாங்க. ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"நிலா நிலாவா மிதக்குதே... நடுவுல ஒண்ணு மட்டும் மெதுவா ஊர்ந்து போகுது. தூக்கத்துல பாயை விட்டு உருளுற குழந்தையாட்டம். யாருது இது?"

"உங்க ரத்தத்துல இருக்கற செல்."

"என்னுதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" குரல் உடைஞ்சுபோச்சு.

ஐஸ்பெட்டி அவங்க பக்கத்துல தரையில உட்கார்ந்தாள். குத்தின விரலைப் பஞ்சால அழுத்திப் பிடிச்சுக்கிட்டாள்.

"வயித்துல இருக்கற குழந்தையோட செல், அம்மா ரத்தத்துலயும் கொஞ்சம் கலக்கும். பல வருஷம் கழிச்சும் சிலது அங்கயே தங்கியிருக்கும். இந்தச் சொட்டுல இருக்குன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா பத்து மாசம்தான் சுமந்தேன்னு இனிமே சொல்லாதீங்கம்மா. நீங்க அவனை இன்னும் இறக்கியே வைக்கல."