அப்பாவுக்குக் கடைசித் தரம்

மறுபடியும் இறக்கிவிட்டிருந்தார் அந்தப் புண்ணியவான்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் செஸ் எழுத்தாளர்கள் வரிசையில் அப்பாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. காலமெல்லாம் பத்திரிகையில் செஸ் பகுதி எழுதியவர், புத்தகங்களும் போட்டவர். அவர் பக்கத்துக்குக் கொடுத்திருக்கும் தரம் ‘ஆரம்ப நிலை’. அதற்குக் கீழே தரமே கிடையாது.

மகளுக்கு வயிறு எரிந்தது. அவளே ‘நன்று’ என்று ஏற்றி வைப்பாள். மறுநாள் பார்த்தால் பழையபடி ஆரம்ப நிலை. எல்லாம் ‘குதிரைக்காரன்’ என்ற பெயரில் அந்த வரிசையைக் கட்டி மேய்ப்பவரின் வேலை.

துருவியதில் ஆள் சிக்கினார். இதே ஊரில் பல் டாக்டர். சொத்தைப் பல் ஒன்றும் இல்லாமலே டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போய், அப்பா பெயரைச் சொன்னாள்.

“நேத்து எழுத வந்தவங்களை எல்லாம் மேல தூக்கி வச்சிருக்கீங்க. எங்கப்பா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினார் டாக்டர்?”

டாக்டர் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நிதானமாக விளக்கினார். ‘நன்று’ என்று போட்டுவிட்டால் அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரம்ப நிலை என்றால்தான் உதவி தேவைப்படும் பக்கங்களில் முன்னால் வந்து நிற்கும், ஆட்கள் தேடி வந்து விவரம் சேர்ப்பார்கள்.

“அதுக்காக அவர் மானத்தை வாங்கணுமா?”

“நானே போன வருஷம் ‘நன்று’ன்னு போட்டேம்மா. இறக்கச் சொன்னதே உங்கப்பாதான்.”

“எங்கப்பாவா?” என்றாள்.

“பக்கத்துக்கு விவரம் கேட்டு தினம் யாராவது அவருக்குப் போன் பண்ணிட்டு இருந்தாங்களாம். தரம் ஏறினதும் ஒருத்தரும் கூப்பிடலையாம். இப்பல்லாம் ஒரேயடியா சொல்றதும் இல்ல, மிச்சத்தை நாளைக்குக் கேளுங்கன்னு வச்சிடறார்” என்று டாக்டர் சிரித்தார். “பகல் முழுக்க தனியாதானே இருக்கார்? ஆமா, நீங்க செஸ் ஆடுவீங்களா?”

“அதுக்கெல்லாம் ஏது டாக்டர் நேரம்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

முட்டிவலிக்காரரான அப்பாவிடம் காலையில் மாத்திரை போட்டீங்களா, ராத்திரி சாப்பிட்டீங்களா. அவள் பேச்சு அதோடு சரி.

வீட்டுக்குள் நுழையும்போது அப்பா போனில் இருந்தார். யாரோ எங்கிருந்தோ பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்க, இவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே கதை அளந்தார். மகளைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்துப் போனை வைத்தார்.

“என்னம்மா, இன்னைக்குச் சீக்கிரமா வந்துட்டே?”

அவள் அலமாரிக்கு மேலிருந்த செஸ் பலகையை இறக்கி, தூசி தட்டி, அவர் முன்னால் விரித்தாள்.

“குதிரை எப்படிப்பா போகும்? ஒரேயடியா சொல்லிடாதீங்க, நாளைக்கும் நான்தான் வந்து கேப்பேன்.”