பதினொன்றாம் பின்

“மனுசன் துரோகம் பண்ணுவான். பின் பண்ணாது.”

இதை அவன் லேப் ஸ்டூல் மேல் ஏறி நின்று சொன்னான். உண்மைகளுக்குக் கொஞ்சம் உயரம் தேவைப்படுகிறது.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவள் ஜெசிந்தா மட்டும்தான். அவனுடைய ப்ராஜெக்ட் கூட்டாளி. அவள் கையில் ஒரு சிவப்பு வயர் இருந்தது.

மேசைமேல் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். அதன் ஓரத்தில் ஊசிபோல் இரண்டு வரிசையாக நாற்பது பின்கள். எதைச் சேர்ப்பதென்றாலும் அங்கேதான் சேர்க்க வேண்டும். பூட்டு அவள் பொறுப்பு. தொடுதிரை அவன் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால், பரீட்சை நாட்களில் விடுதிப் பிள்ளைகளின் போன்களை வைத்துப் பூட்டும் பெட்டி. சரியான எண்ணைத் தொட்டால் மட்டும் திறக்கும்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பின்னிலும் வயரை வைக்கும் முன்னால் அவனிடம் கேட்பாள்.

“இதுல ஆள் வருதா?”

டவுன் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் பை வைத்திருப்பவரிடம் கேட்கும் அதே குரல்.

அவனுக்கு அது போதும். செமஸ்டர் முழுக்க அதை வைத்தே ஓட்டினான். பின்மேல் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தான். விசில் ஊதி வயரை இறக்கிவிட்டான். காலியாக இருந்தால் உட்கார வேண்டியதுதானே, அனுமதி கேட்க பின் என்ன தாசில்தாரா என்று லேப் முழுக்கக் கேட்டு வந்தான்.

அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரு ஜோக் சொன்னான். பதில் மட்டும் சொல்லவில்லை.

அவள் சிரிக்கவில்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

 

வெளியிலிருந்து தேர்வாளர் வரும் நாள் காலையில்தான் அவன் திரையை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தான். தன் பொருள்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாட்டினான். திரை ஒரே ஆளாக வந்து பாதிக்கு மேற்பட்ட பின்கள் மேல் உட்கார்ந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பம் மாதிரி.

முதல் எண்ணைத் தொட்டான்.

டக். பெட்டி திறந்தது. மீதி எண்களை அது கேட்கவே இல்லை.

மூடினான். தப்பான எண்ணைத் தொட்டான். டக்.

எண்ணே இல்லாத மூலையைத் தொட்டான். டக்.

சட்டைக் கையால் திரையைத் துடைத்தான். டக், டக், டக்.

எல்லோரையும் நம்புகிற பூட்டு.

கைடு சார் எட்டிப் பார்த்தார். பெட்டி பூட்டாவிட்டால் வைவா கிடையாது, வைவா இல்லாவிட்டால் ரெண்டு பேரும் அடுத்த பேட்சோடுதான் என்றார். டீ சொல்லும் குரலில் சொன்னார். இது யார் பார்த்த வேலை என்றும் கேட்டார்.

“ஜெசிந்தா வயரிங், சார்.”

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

சார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளைக் கவனமான பிள்ளை என்று நினைத்திருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

 

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. திரையைக் கழற்றினான். பூட்டு ஒழுங்காக மூடிக் கிடந்தது. மாட்டினான். தொட்டான். டக்.

மறுபடி கழற்றித் திருப்பிப் பார்த்தான். திரையின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. யாராவது தொட்டால், அந்தத் தகவலைத் திரை பதினொன்றாம் பின்னில் சொல்லும்.

பூட்டைத் திறக்கச் சொல்லும் அவளுடைய சிவப்பு வயரும் பதினொன்றில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் பலகையின் அடியில், அழகாக சால்டர் வைத்து.

ஒரே சீட்டில் இரண்டு பேர்.

அவன் நிமிர்ந்தான். ஏமாற்றப்பட்டவனின் முகம் அவனுக்கு நன்றாகவே பொருந்தியது. லேப்புக்கே கேட்கும்படி, என் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்றான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றான்.

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே எங்கோ உதைத்தது.

அவள் கையிலிருந்த வயர் கட்டரை மேசையில் வைத்தாள்.

“பதினொண்ணுல ஆள் வருதான்னு கேட்டேன். ‘ஏறி உக்காருங்க மேடம், டிக்கெட் நான் எடுக்கேன்’னு சொன்னல்லா. எல்லாரும் சிரிச்சாங்க. நீ சொன்னத நம்பித்தான் வச்சேன்.”

லேப்புக்கு ஞாபகம் இருந்தது. செமஸ்டரிலேயே அதிகம் சிரித்த ஜோக் அது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள்.

 

சால்டரிங் அயர்ன் சூடாகும்வரை அவன் எந்த ஜோக்கும் சொல்லவில்லை.

சிவப்பு வயரைப் பதினொன்றிலிருந்து பிரித்தெடுத்தான். அதற்கு வேறு இடம் வேண்டும்.

வரிசையின் கடைசியில் நாற்பதாம் பின் இருந்தது. திரைக்கு வெளியே, வெளிச்சத்தில். வயர் ஏதும் இல்லை. திரையின் முதுகில் அதன் பேச்சே இல்லை. புரோகிராமிலும் இல்லை. அதைவிடக் காலியாக ஒரு பின் இருக்க முடியாது.

வயரை அதன்மேல் கொண்டுபோனான்.

நிறுத்தினான்.

வராந்தாவில் ஷூ சத்தம். கைடு சாரின் சிரிப்பு. கூடவே, பழக்கமில்லாத ஒரு குரல்.

வயரை விட்டுவிட்டு அவளிடம் போகத் தோன்றவில்லை. பிடித்துக்கொண்டு போக நீளம் போதவில்லை. நின்ற இடத்திலிருந்தேதான் கேட்க வேண்டியிருந்தது. அதிகம் சத்தமில்லாமல், ஆனால் கடைசி மேசைவரை போகும்படி.

“நாப்பதுல ஆள் வருதா?”

சிரிப்பதற்கு லேப் முழுக்க ஆள் இருந்தது.

அவள் திரும்பவில்லை. நாற்காலியில் பை வைத்த இடத்திலேயே இருந்தது.

அவன் வயரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.