குரல் அக்கா

கப்பல் கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் உரசல் ஆரம்பித்துவிட்டது.

ஐந்து நாள் கடல் பயணத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்த நாற்பது பேர். பெரும்பாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஏறும் முன்பே பழகிக்கொள்ளட்டும் என்று பயண ஏற்பாட்டாளர் அந்தக் குழுவைத் தொடங்கிக் கொடுத்திருந்தார்.

எத்தனை பெட்டி கொண்டுபோகலாம், குமட்டலுக்கு எந்த மாத்திரை நல்லது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் எழுதாதீர்கள், பேசி அனுப்புங்கள் என்று நச்சரித்தார். பெயர், வேலை, வீட்டில் யார் யார், சமீபத்தில் சிரித்த ஒரு சம்பவம். ஒரு நிமிடம் பேசினால் போதுமாம்.

அனுப்பாதவர்களை அவர் விடுவதில்லை. காலையில் ஒரு நினைவூட்டல், சாயங்காலம் ஒன்று. மேடையில் நிற்பதுபோல விறைப்பாகப் பேசி அனுப்பினால், வீட்டில் பேசுகிற மாதிரி இன்னொரு தடவை அனுப்புங்கள் என்று திருப்பிக் கேட்பார். 'குரல் அக்கா' என்று அவருக்குப் பெயரே விழுந்துவிட்டது.

கணவனோடு பதிவு செய்திருந்த ஒரு வங்கி அதிகாரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் இருப்பது மோசடிப் புகார்ப் பிரிவில். யாரோ ஒருவன் பிள்ளையின் குரலைத் திருடி, அதே குரலில் பேசி ஏமாற்றிவிட்டான் என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் தினமும் உட்காருவது அவள் மேஜைக்கு எதிரில்தான்.

ஒருநாள் குழுவிலேயே பட்டென்று எழுதிவிட்டாள்.

'முன்பின் தெரியாதவர்களுக்கு உங்கள் குரலைக் கொடுக்காதீர்கள். இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஜாக்கிரதை.'

குரல் அக்கா பதில் சொல்லவில்லை. மறுநாள் மறுபடியும் மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்தார். அவளை மட்டும் அதன்பிறகு கேட்கவே இல்லை.

"குட்டு உடைஞ்சதும் வாயே திறக்கல, பார்த்தீங்களா?" என்று கணவனிடம் சொன்னாள். அவன் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் தலையாட்டினான்.

கப்பல் ஏறிய அன்று மதியம், மேல்தளத்தில் எல்லாரும் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில் அறுபது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றவர்தான் குரல் அக்கா. குழுவில் இருந்த படத்தை வைத்து அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

முன்னால் போன ஒருவர் வணக்கம் சொன்னார். நாற்காலிக்காரர் சட்டென்று கை நீட்டினார்.

"பல் டாக்டர்தானே? உங்களையே ஒரு குழந்தை கடிச்சு வச்சுதே, அந்தக் காயம் ஆறிடுச்சா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து வந்த பள்ளிக்கூட வேன் ஓட்டுநரையும், தையல்கடை அக்கா தங்கையையும் அவர்கள் வாய் திறந்ததுமே கண்டுபிடித்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல அவரைச் சுற்றியே நின்றார்கள்.

அவள் கணவன் போய் "நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"அடடே, நம்ம பாட்டுக்காரர். ரெண்டாவது வரியில சுதி எங்கேயோ போயிடுச்சே?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். நாற்காலிக்காரரின் பார்வை யார் முகத்திலும் படவில்லை. பேசுகிறவரின் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது.

குரல் அக்காவின் கணவராம், முப்பது வருடம் நிலம் அளந்த சர்வேயராம். எட்டு மாதத்துக்கு முன் இரண்டு கண்ணும் போய்விட்டதாம். அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாமல் கூட்டத்துக்கு நடுவில் மரம் மாதிரி நிற்க வேண்டுமே என்ற பயம். எல்லாவற்றையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"தெரியாத கூட்டத்துக்கு வரமாட்டேன்னேன். அப்படின்னா தெரிஞ்ச கூட்டமா ஆக்கிடறேன்னு இவ கிளம்பிட்டா. ரெண்டு மாசமா எங்க சமையலறையில உங்க பேச்சுதான்."

"முதல்லயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"நான்தான் வேண்டாம்னேன். சொல்லியிருந்தா எல்லாரும் பாவப்பட்டுப் பேசியிருப்பீங்க. அந்தக் குரலை வச்சுக்கிட்டு நான் யாரைக் கண்டுபிடிக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. பின்பக்கமாக நழுவிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பாட்டுக்காரரோட யாரோ வந்திருக்காங்க போலயே?"

அவள் வணக்கம் என்றாள். அவர் நெற்றி சுருங்கியது.

"இந்தக் குரல் மட்டும் எனக்குத் தெரியலையே."

சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். அந்த எச்சரிக்கையை எல்லாரும்தான் படித்திருந்தார்கள். குரல் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியது.

"நான்... நான் பேசி அனுப்பலைங்க. நான்தான்..."

அவள் முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஓ, நீங்களா அது! உங்களுக்குத் தொண்டை கட்டிப்போய், டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டார்னு இவ சொன்னாளே. அனுப்ப முடியலைன்னு ரொம்ப வருத்தப்பட்டீங்களாமே, இப்ப பரவாயில்லையா?"