பழுப்புக் கழுத்து

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செத்த இருவாச்சி ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார் பறவைப் பிரிவின் தலைவர். அருங்காட்சியகத்தின் அடி டிராயரில், பெயரில்லாமல் காலங்காலமாகக் கிடந்த பறவை. பஞ்சு அடைத்த உடம்பு, பெரிய அலகின் மேல் இரட்டைக் கொம்பு, காய்ந்து பழுப்பேறிய கழுத்து.

இதே இனத்தைத்தான் பக்கத்து அறை இளம் ஆய்வாளன் மூக்கன் காட்டில் உயிரோடு பார்த்துவிட்டு வந்திருந்தான். “அலகு மேல ரெட்டைக் கொம்பு சார், உலகத்துக்கே புதுசு” என்று சொன்னதோடு சரி. எடுத்த படத்தை ஆபீஸில் ஒருவர் கண்ணிலும் காட்டவில்லை.

நேற்று வந்த பயல் ஒரு பறவைக்குப் பெயர் வைப்பதா? தலை நரைத்தும் தலைவருக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை.

இந்தத் தொழிலில் முதலில் அச்சேறும் பெயர்தான் நிற்கும். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். வேண்டியவர் பெயரை வைக்கலாம். தலைவர் அவசர அவசரமாகக் கட்டுரை எழுதி, சீக்கிரம் அச்சிடுகிற ஓர் இதழுக்கு அனுப்பினார். வைத்தது மனைவியின் பெயர்.

இதழ் வந்ததும் சமையலறைக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

“பாரு, ஒரு இருவாச்சிக்கு உன் பேரை வச்சிருக்கேன்.”

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் முகம் சிவந்தது. “அந்த நீலக் கழுத்துப் பறவைக்கா?”

“நீலம் எங்க வந்துச்சு? பழுப்பு. கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாரு.”

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். இவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டார் தலைவர். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் மூக்கன் அந்த இதழோடு அறைக்கு வந்தான். கத்துவான், குதிப்பான் என்று தலைவர் ஆசையோடு காத்திருந்தார். அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்.

“முந்திட்டீங்க சார்,” என்றான் அமைதியாக.

“என்னப்பா பண்றது, டிராயர்ல கிடந்துச்சு. உனக்கு வருத்தமா இருக்கும்.”

“இருக்கு சார். ஆனா ஒரு தப்பு பண்ணிட்டீங்க. கழுத்து பழுப்புன்னு எழுதியிருக்கீங்க. செத்துக் காஞ்சா நிறம் போயிடும்னு உங்களுக்குத் தெரியாததா? உயிரோட இருக்கறப்போ நல்ல நீலம்.”

தலைவரின் காதுக்குள் நேற்றைய சமையலறைக் குழாய் கொட்டியது.

“நீ... என்ன பேரு வைக்கிறதா இருந்த?”

மூக்கன் இதழை மேசைமேல் வைத்துவிட்டு வாசல்வரை போனான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தான்.

“இதே பேருதான் சார்.”