பத்தொன்பதாம் காட்சி

தமிழ் நாடகக் கலையின் எதிர்காலம் கண்டக்குழி என்ற ஊரில் ஒரு மேசையின் மேல் எழுதப்படுகிறது என்பது ஹஸ்மியின் அசைக்க முடியாத நம்பிக்கை. உடுப்பு அயன் பண்ணுவதும் அதே மேசையில்தான்.

மத்தியானம் ஒன்றரைக்குப் போகும் தொலைக்காட்சித் தொடருக்கு நாளொன்றுக்குப் பதினெட்டுக் காட்சிகள் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவான். முந்நூறு நாளாகியும் மனைவி றிப்னா ஒருநாளும் நல்லது என்று சொன்னதில்லை.

"அழுறாங்க, அடிக்கிறாங்க, திரும்பவும் அழுறாங்க" என்பாள்.

அவள் வாயால் ஒரு சொல் வாங்கவே கதாநாயகி மர்ழியாவைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றான். நடித்த பெண் கட்டாருக்குப் போய்விட்டாள் என்பது இன்னொரு காரணம். அதற்கும் றிப்னா கொட்டாவிதான் விட்டாள்.

மறுநாள் தொலைக்காட்சியில் பதினெட்டுக் காட்சிகளும் முடிந்தபின், அவன் எழுதாத பத்தொன்பதாவது ஒன்று ஓடியது. மர்ழியா கதிரையில் இருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எனக்கு நீந்தத் தெரியும்" என்றாள். "ஒருத்தரும் கேக்கல்லியே."

ஹஸ்மி போனை எடுத்துக்கொண்டான். முற்றத்துக்குப் போய் இயக்குநர் றொகானுக்குக் கோல் எடுத்தான்.

"என்ன மச்சான் கதைக்கிறாய்? நீ அனுப்பினது பதினெட்டு, நாங்க எடுத்ததும் பதினெட்டு. அந்தப் புள்ள கட்டார்லதானே இருக்கு!"

உள்ளே வந்தபோது றிப்னா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யா அல்லாஹ், இண்டைக்குத்தான் ஒரு பொம்புள பொம்புள மாதிரிக் கதைச்சிருக்கா. நீங்களா இத எழுதின?"

"ஓம்" என்றான் ஹஸ்மி.