வெள்ளைக்காரியின் நிலம்

தந்தி வந்தபோது நான் ரேந்தை என்கிற லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். பதினாறாவது பூ. குண்டூசிகளைக் குத்தி, நூல்குச்சிகளை மாற்றிப் போட்டு, அந்தப் பூவை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மலேயாவில், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த என் கணவர் ராஜையன் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றது தந்தி.

மூன்றாம் நாள் ஜெபத்துக்கு அவருடைய அண்ணன் குமாரதாஸ் வரவில்லை. நான்காம் நாள் ஒரு காகிதத்தோடு வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீடும் தென்னைவிளையும் அவருடையதாயின. அடுக்களையை ஒட்டிய சாய்ப்பில் எனக்கு இடம் விட்டார்.

பிறகு கப்பலில் என் கணவரின் பெட்டி வந்தது.

சட்டைகளுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். மலேயாவில் கிள்ளான் என்ற ஊரில் உள்ள ஒரு காலி நிலத்தின் எண், அளவு. வேறொன்றும் இல்லை. அங்கே வீடு கட்டி என்னை அழைத்துக்கொள்வதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

"பிள்ள இல்லாதவளுக்கு கடலுக்கு அக்கர எதுக்குட்டி நிலம்?" என்று குமாரதாஸ் அதையும் மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு அங்குள்ள ஆபீசுக்கு எழுதினார். 1932 ஜூனில் பதில் வந்தது.

நான் மிஷன் போர்டிங்கில் எட்டு வருஷம் படித்தவள். இங்கிலீஷ் வாசிப்பேன். அது அவருக்கும் தெரியும். என்றாலும் பத்மநாபபுரத்திலிருந்து வக்கீல் குமாஸ்தா பகவதியப்பனை வில்வண்டியில் கூட்டிவந்து, என் முன்னாலேயே உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்.

நான் மடியில் ரேந்தை பின்னும் தலையணையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நிலம் காலியாத்தான் கெடக்கு. கட்டடம் ஒண்ணும் இல்ல. உடமைக்காரரு..." குமாஸ்தா காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஹாரியட் வில்மட்."

குண்டூசி என் பெருவிரலில் இறங்கியது.

"அது யாரு ஓய்?"

"பேரப் பாத்தா தொரசானி. ஒம்ம தம்பி பலே ஆளுதான் போலிருக்கே!"

குமாரதாஸ் சிரிக்கவில்லை. "கேட்டியா ஏட்டி, ஒனக்க மாப்பிளைக்க லெச்சணத்த? வெள்ளக்காரிய வச்சிருந்திருக்கான். சம்பாதிச்சத அவளுக்கு எழுதிக் குடுத்துட்டுச் செத்திருக்கான்!"

முற்றத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

என் காது இரண்டும் எரிந்தது. கள்ளைத் தொடாத மனிதர். ஒரு வாரம்கூடக் கடிதம் தவறாதவர். அவர் மேல் சேற்றை வாரி இறைக்க இவர்களுக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

ஒரு வார்த்தையில் அத்தனை வாய்களையும் நான் அடைத்திருக்க முடியும். அடைத்திருந்தால், மறுநாள் காலையில் இன்னொரு காகிதம் என் முன் நீட்டப்பட்டிருக்கும்.

"ஒனக்குத் தெரியுமா அந்தத் தொரசானிய?" என்று குமாரதாஸ் குனிந்து என் முகத்தையே பார்த்தார்.

"நான் அவங்களக் கண்ணால கண்டதில்ல, அத்தான்."

பொய்யில்லை. ஹாரியட் வில்மட் இங்கிலாந்தில் இருந்தார். போர்டிங்கில் ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் வருஷந்தோறும் பணம் அனுப்பினார். யார் பணம் அனுப்பினார்களோ அவர்களுடைய பெயரை அந்தப் பிள்ளைக்கு இடுவது அங்கே வழக்கம்.

ஏழு வயதில், தங்கபாய் என்று என் அம்மை வைத்த பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பெயரை எனக்கு இட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. எட்டு வருஷம் அதைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

கல்யாணத்தோடு பழைய பெயருக்குத் திரும்பினேன். புகுந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிச் சான்றிதழை ஒரே ஒருவரிடம்தான் காட்டினேன். அவர் சிரிக்காமல் வாசித்து, ஒரு நகல் எழுதித் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். தன் அண்ணனை அவர் அறிந்திருந்தார்.

மறுவாரம், அந்தப் பெயரில் நானே இங்கிலீஷில் கிள்ளானுக்கு எழுதினேன். அன்றிலிருந்து ரேந்தை பின்னி அந்த நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறேன்.

ராஜையனின் வெள்ளைக்காரியைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். வேதக்கோயிலில் எனக்குப் பின்வரிசையில் இருப்பவர்கள் எனக்காக உச்சுக் கொட்டுகிறார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கணவரிடம் மட்டும் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நிலம் காலியாகத்தான் கிடக்கிறது. உடைமைக்காரரின் பெயர் மாறவில்லை.